நாற்பத்தொரு நொடி

ஏப்ரல் 21

இன்று என் பெயரில் ஒரு பயனர் கணக்கு திறந்தார்கள். கடவுச்சொல்லை எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது என்று நூருல்லா சார் சொல்லியிருக்கிறார். அதனால் இங்கேயும் எழுதவில்லை.

ஆனைக்குழிமேட்டு அகழாய்வுக்கு எங்கள் பள்ளித் தொன்மை மன்றத்திலிருந்து என்னை மட்டும் எடுத்திருக்கிறார்கள். பதினோராம் வகுப்பில் தட்டச்சு லோயர் முடித்திருப்பது நான் ஒருத்திதான். விடுமுறை முடியும்வரை தினமும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பதிவேற்ற வேண்டும். அம்மா இதே மேட்டில் மூன்று மாதமாகக் குழி தோண்டும் வேலை செய்கிறாள். குழியின் பெயர் பி-2. என் மேசையிலிருந்து பார்த்தால் அம்மாவின் தலைச்சும்மாடு மட்டும் தெரிகிறது.

அகழாய்வை நடத்துபவர் ஹெப்சிபா மேடம். தோண்டிய குழியை மறுபடி தோண்ட முடியாது, மிஞ்சுவது பதிவு மட்டும்தான் என்று சொன்னார். அந்தப் பதிவுக்காக நூருல்லா சார் செய்திருக்கும் வலைத்தளத்தின் பெயர் மண்ணேடு. கிடைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. எந்தக் குழி, எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம், படம், கண்டெடுத்தவர். கடைசிக் கட்டம் மேடத்தின் பிடிவாதமாம். வேறு இடங்களில் தோண்டியவர் பெயரை யாரும் போடுவதில்லையாம்.

மண்ணேட்டில் எதையும் அழிக்க முடியாது. திருத்தினால் பழையது கீழே அப்படியே நிற்கும். யார் திருத்தினார், எப்போது, என்ன காரணம் என்று பக்கத்திலேயே வரும். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. இந்த நாட்குறிப்பிலும் இனி அடித்து எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 24

குழிகளுக்கு நடுவே ஒரு கம்பில் டேப்லெட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். முக்கியமான பொருள் கிடைத்தால், அது எப்படிக் கிடந்தது என்று கண்டெடுத்தவர் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் பேச வேண்டும். "எங்கிட்ட சொன்னா நான் மறந்துருவேன். இதுகிட்ட சொல்லுங்க. இது மறக்காது" என்று மேடம் எல்லாரையும் பழக்கியிருக்கிறார். அந்தக் குரல் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. கேட்கவே முடியாவிட்டால் 'தெளிவில்லை' என்ற பெட்டியைத் தட்டலாம்.

தவமணி அத்தை ஏ-4 குழி. முதல் நாள் அந்த டேப்லெட்டிடம், "நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டு பதில் வருமா என்று காத்திருந்தாளாம். அதுவும் பதிவாகியிருக்கிறது. எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"எங்குழி ஓட்டக் கழுவி மாளல ஈசு. ஒம்பதடிக்குக் கீழ வாரது பூராவும் வெள்ளப் பொரி அப்பிக் கெடக்கு."

"பொரி இல்லம்மா, அது கால்சியம் கார்பனேட்."

"என்ன பேரு வச்சா என்ன? போவ மாட்டேங்கு."

ஏப்ரல் 28

கோடை மழை! மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. கழுவிய பானை ஓடுகளைக் கம்பித் தட்டுகளில் பரப்பி வெயிலில் காய வைத்திருந்தோம். ஒவ்வொரு தட்டிலும் எந்தக் குழி, எந்த அடுக்கு என்று ஒரு சீட்டு எழுதிக் கல்லை வைத்திருப்பார்கள். தட்டை ஈரத்தோடு ஒருமுறை, காய்ந்தபின் ஒருமுறை படம் எடுப்பதும் முறை.

காற்று அடித்த அடியில் தார்ப்பாயே பறந்தது. எல்லாரும் குழிகளை மூட ஓடினார்கள். நான் தனியாக எட்டுத் தட்டுகளையும் கொட்டகைக்குள் கொண்டுவந்து சேர்த்தேன். நான்கு சீட்டுகள் பறந்துவிட்டன. ஓடிப் பொறுக்கி அதனதன் தட்டில் வைத்தேன். இரண்டு சீட்டு சேறாகிவிட்டதால் புதிதாக எழுதினேன்.

"எவ்வளவு அழகான கையெழுத்து!" என்றார் மேடம்.

நனைந்த தலையோடு வீட்டுக்கு வந்து கஷாயம் குடித்தேன். கை இன்னும் நடுங்குகிறது. குளிரால்தான்.

ஏப்ரல் 29

எழுத்து!

காலையில் மேடம் தட்டில் இருந்த ஓடுகளைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று தூரிகை நின்றது. அரை நிமிடம் அவர் மூச்சே விடவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கறுப்புச் சிவப்பு ஓட்டில் கீறி எழுதிய மூன்று எழுத்துகள், நாலாவதின் உடைந்த கால். யாரோ ஒருவர் தன் பானையில் எழுதிக்கொண்ட தன் பெயராக இருக்கும் என்றார். ஓட்டின் ஒரு முனை கிளி மூக்கு மாதிரி வளைந்து உடைந்திருக்கிறது. சீட்டைப் பார்த்தோம். பி-2, ஏழாம் அடுக்கு, 285 சென்டிமீட்டர்.

"இவ்வளவு ஆழத்துலயா?" என்று மேடம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இந்த ஆற்றங்கரையில் இத்தனை ஆழத்தில் எழுத்து கிடைத்ததே இல்லையாம். உண்மையென்றால் இந்த மேட்டின் வயதே மாறிவிடுமாம்.

பி-2! கண்டெடுத்தவர் கட்டத்தில் நானே தட்டச்சு செய்தேன். சீனியம்மாள். என் அம்மாவின் பெயர் இதுவரை ரேஷன் அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும்தான் இருந்தது. இனி எந்த நாட்டிலிருந்து தேடினாலும் வரும்.

அம்மாவைக் கூப்பிட்டு ஓட்டைக் காட்டினார்கள். அம்மா அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். மேடத்துக்கு அதற்குள் போன் மேல் போன். "அக்கா, மிஷின்ல பேசிருங்க" என்று கைகாட்டிவிட்டு வெளியே போனார். அம்மாவும் போய்ப் பொத்தானை அழுத்திப் பேசினாள்.

மழையால் இரண்டு நாள் வேலை சேர்ந்துவிட்டது. இருபத்துமூன்று குரல் குறிப்புகள். அம்மாவுடையது நாற்பத்தொரு நொடி. பத்து நொடி கேட்டேன், பக்கத்துக் குழியில் மழைத்தண்ணீர் இறைக்கும் மோட்டார் சத்தம்தான். 'தெளிவில்லை' தட்டினேன். அம்மா என்ன சொல்லியிருக்கப் போகிறாள்? மண்ணுக்குள் கிடந்தது, எடுத்தேன் என்றுதான் இருக்கும். ஈரப் படத்தையும் காய்ந்த படத்தையும் ஒத்துப் பார்த்ததற்கான பெட்டிகளையும் வரிசையாகத் தட்டி முடித்தேன்.

சாயங்காலம் அம்மா கேட்டாள். "ஏட்டி, நான் மிஷின்ல பேசுனத எழுதிட்டியா?"

"எல்லாம் எழுதியாச்சும்மா."

"மேடம் பாத்தாகளா?"

"பாக்காமலா? அவுகதானே எல்லாத்தையும் பாக்காக."

"அப்பச் சரி" என்றாள். திரும்பவும் ஒருதரம், "அப்பச் சரி."

மே 2

நாளிதழில் அம்மா படம்! நான்காம் பக்கம். பஞ்சாயத்துத் தலைவர் மேட்டிலேயே சிறு மேடை போட்டு அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். இங்கே ஓர் அருங்காட்சியகம் கேட்போம் என்று பேசினார்.

தவமணி அத்தை கூட்டத்திலிருந்து கத்தினாள். "ஏ சீனி மதினி! அதப் போத்திக்கிட்டுக் குழிக்குள்ள எறங்கிராத. மேடம் ஒன்னயும் பழங்காலத்துச் சாமான்னு பையில போட்டு நம்பர் எழுதிருவாக!"

மேடம்கூடச் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. படத்திலும் சிரிக்கவில்லை. பேசச் சொல்லி மைக்கை நீட்டியபோது, "நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். எவ்வளவு அடக்கம் என்று தலைவர் மெச்சினார்.

திருப்பூரிலிருந்து அப்பா போன் செய்தார். அவர் கம்பெனியில் எல்லாரும் மண்ணேட்டைத் திறந்து பார்த்தார்களாம். அப்பா அழுதுவிட்டார் என்று நினைக்கிறேன், சளி என்றார்.

மே 4

வேலை முடிந்து எல்லாரும் கிளம்பியபின் அம்மா மட்டும் கழுவும் தொட்டியருகே உட்கார்ந்திருந்தாள். பி-2 ஓடு ஒன்றைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நேரமாச்சும்மா. என்ன செய்த?"

"போவுதான்னு பாக்கேன்."

"அதான் போவாதுன்னு நீயே சொன்னியே."

அம்மா நாரை மறுபடி தண்ணீரில் முக்கினாள். நேற்றும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி சோறு பிசையும்போது விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தேன். அம்மாவுக்குச் சோடா மாவு ஒத்துக்கொள்ளவில்லை. பாத்திரம் தேய்க்க வேறு பொடி வாங்க வேண்டும்.

மே 6

மின்சாரம் இல்லை, பதிவு இல்லை. ரேஷன் கடைக்குப் போனேன். அங்கேயும் மிஷின் வேலை செய்யவில்லை.

மே 8

பன்னிரண்டாம் தேதி மண்ணேட்டின் இந்தப் பருவத்துப் பக்கங்களுக்கு முத்திரை வைக்கிறார்கள். அதன்பிறகு எல்லாரும் அதையே மேற்கோள் காட்டலாம். மேடம் மறுநாள் டெல்லியில் ஒரு கருத்தரங்கில் நம் ஓட்டைப் பற்றிப் பேசுகிறார். என்னையும் அம்மாவையும் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறாராம். தோண்டியவர் தாய், பதிந்தவர் மகள்.

காரணம் எழுதாமல் 'தெளிவில்லை' என்று நிற்கும் குறிப்புகள் இருந்தால் முத்திரை விழாதாம். பதினாறு இருக்கிறது. "ஹெட்போன் போட்டு முழுசா ஒருதடவ கேட்டுரு பாப்பா" என்றார் நூருல்லா சார். நாளைக்கு.

மே 9

அது தெளிவாகத்தான் இருந்தது.

மே 10

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை.

பதினான்காம் நொடியில் மோட்டார் நிற்கிறது. யாரோ அணைத்திருக்கிறார்கள், அதுவரை அம்மா காத்திருக்கிறாள். அதன்பின் ஒரு காக்காய் கத்துவதுகூடக் கேட்கிறது. அம்மா சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் இங்கே எழுதுகிறேன்.

"மேடம், நான் சீனியம்மா பேசுதேன். இது எங்குழி ஓடு இல்ல. எங்குழியில அந்த ஆழத்துல வார ஓடு பூராவும் வெள்ளப் பொரி அப்பியிருக்கும், எம்புட்டுத் தேச்சாலும் போவாது. இதுல ஒரு பொட்டுப் பொரி இல்ல. இது மேல்மண்ணு ஓடு. தவமணி குழியா இருக்கும். மழையில தட்டு மாறிருக்கும் போல. எம் பேரப் போட்டுராதீக. பாத்துக்கிடுங்க."

நாற்பத்தொரு நொடி முடிந்ததும் எனக்கு அழுகை வரவில்லை. ஹெட்போனைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நூருல்லா சார் ஏதோ கேட்டார், தலையை ஆட்டினேன். என்ன கேட்டார் என்று தெரியாது.

இன்று படங்களைத் திறந்தேன். ஏப்ரல் 28, மணி 2.50, மழைக்கு முன் எடுத்த ஈரப் படம். ஏ-4, இரண்டாம் அடுக்கு, ஆழம் 55 சென்டிமீட்டர். தட்டின் ஓரத்தில் குப்புறக் கிடக்கும் ஓட்டைப் பெரிதாக்கினேன். ஒரு முனை கிளி மூக்கு. மறுநாள் எடுத்த படத்தில் அதே கிளி மூக்கு பி-2 தட்டில் இருக்கிறது. பக்கத்தில் என் அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு. இரண்டு படங்களும் ஒத்துப்போகின்றன என்று டிக் அடித்தவர் அ. ஈஸ்வரி, மாலை 5.12.

பிறகு இந்த நோட்டை எடுத்து ஏப்ரல் 28 என்ன எழுதினேன் என்று பார்த்தேன். 'ஓடிப் பொறுக்கி அதனதன் தட்டில் வைத்தேன்.' எது எதன் தட்டு என்று எனக்கு எப்படித் தெரிந்தது? தெரியாது. கீழே கிடந்த சீட்டுகளைச் சீட்டில்லாமல் இருந்த தட்டுகளில் வைத்தேன். வைக்கும்போதே கை நடுங்கியது. அதைக் குளிர் என்று எழுதியிருக்கிறேன்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இன்னொரு தடவை 'தெளிவில்லை' என்று போட்டு, காரணத்தில் இரைச்சல் என்று எழுதினால் நாளை மறுநாள் முத்திரை விழுந்துவிடும். அம்மாவின் பெயர் அப்படியே இருக்கும். அப்பா கம்பெனியில் பார்த்த பக்கம் அப்படியே இருக்கும். இதை நான் கால் மணி நேரம் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று எழுதினால் அது பொய்.

மே 11

காலையிலேயே மேடத்திடம் போனேன். அவர் டெல்லிக்குப் பெட்டி கட்டுவதற்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். ஹெட்போனை நீட்டினேன்.

ஒருமுறை கேட்டார். இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். படங்களைக் காட்டினேன். நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தையும் காட்டினேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நானும் பாத்தேன்" என்றார், என்னிடம் சொல்வது போலவே இல்லை. "பொரி இல்லன்னு அன்னைக்கே எங்கண்ணுலயும் பட்டுச்சு. நல்லாக் கழுவியிருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேன். இருபத்திரெண்டு வருசமா மண்ணப் பாக்குறேன், ஈஸ்வரி. நல்லாக் கழுவியிருக்காங்கன்னு நெனச்சேன்!"

நூருல்லா சார் மெதுவாகக் கேட்டார். "முத்திரையத் தள்ளி வைக்கவா மேடம்?"

"வேண்டாம். திருத்திட்டு வைங்க. அதுக்குத்தான இத வச்சிருக்கோம்." டெல்லிக்கு ஒரு போன் செய்தார். கொட்டகைக்கு வெளியே நடந்துகொண்டே பேசினார். "இல்ல, காலம் மட்டும் தப்பு இல்ல, குழியே தப்பு" என்பது மட்டும் கேட்டது.

சீட்டு மாறியிருந்த இரண்டு தட்டிலும் இருந்த நூற்றுப் பதினேழு ஓடுகளையும் மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றச் சொன்னார். எழுத்துள்ள ஓட்டின் பக்கத்தைக் கடைசியில் திறந்தேன். ஆழம் 285 என்பது 55 ஆனது. கண்டெடுத்தவர் கட்டத்தில் அம்மாவின் பெயரை எடுத்துவிட்டுத் தவமணி என்று போட்டேன். பழைய பெயர் சாம்பல் நிறமாகிக் கீழே இறங்கி நின்றது. காரணம் என்று கேட்டது. 'மழையில் பறந்த சீட்டுகளைத் தெரியாமல் மாற்றி வைத்தேன். கண்டெடுத்தவராகக் குறித்த சீனியம்மாள் அன்றே மறுத்துச் சொன்னார். நான் முழுதாகக் கேட்கவில்லை' என்று எழுதினேன். ஏப்ரல் 28ஆம் தேதிப் பக்கத்தைப் படமெடுத்து இணைக்கச் சொன்னார் மேடம். அதனால் இந்த நாட்குறிப்பின் ஒரு பக்கம் இப்போது மண்ணேட்டில் இருக்கிறது. கை நடுக்கம், கஷாயம் எல்லாம் சேர்த்து.

தவமணி அத்தையிடம் நானே போய்ச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "அவுகளுக்கு ஒம்பதடிக்குப் பொன்னாட போத்துனாக. எனக்கு ரெண்டடிக்குக் கைக்குட்டையா?" என்றாள். சிரித்தாள், ஆனால் கண்ணை முந்தானையால் துடைத்தாள். "எம் பேரா போட்டிருக்க? காட்டு" என்றாள். காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

நான் தொடர்ந்து வேலைக்கு வரலாமா என்று மேடத்திடம் கேட்கத் துணிவில்லை. கிளம்பும்போது அவரே, "நாளைக்கு மிச்சம் பதினஞ்சு குறிப்பு இருக்கு. முழுசாக் கேளு" என்றார்.

மே 12

பதினைந்தையும் முழுதாகக் கேட்டேன். பதினொன்று தெளிவாக இருந்தன.

மதியம் வேப்பமரத்தடியில் அம்மா தூக்குவாளியைத் திறந்தாள். நேற்றே எல்லாம் அம்மாவுக்குத் தெரியும். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொன்னாடையைத் துவைத்து மடித்துத் தவமணி அத்தைக்குக் கொண்டுவந்திருந்தாள். அத்தை அதை வாங்கவில்லை. "வச்சுக்க மதினி, ஒனக்கும் ஒரு வெவரம் தெரியும்னு ஊருக்குத் தெரியட்டும்" என்று தள்ளிவிட்டாள்.

நான் கேட்டேன். "யம்மா, அது தப்புன்னு தெரிஞ்சும் ஏன் எங்கிட்டத் திருப்பிச் சொல்லல?"

"மிஷின்லதான் சொன்னேனே."

"அது..."

"எழுதிட்டியான்னு ஒன்னயும் கேட்டேன். எழுதியாச்சுன்ன. மேடம் பாத்தாகளான்னேன். பாத்தாகன்ன." அம்மா கோபமாகச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "அதுக்குப் பொறவும் மேடையில ஏத்துனாக. பேப்பர்ல போட்டாக. இம்புட்டுப் படிச்சவுக எஞ்சொல்லக் கேட்டுட்டுத்தான் செய்தாகன்னா, எங்கண்ணுதான தப்பா இருக்கணும்? தேச்சா பொரி போகும் போல, நமக்குத்தான் தேய்க்கத் தெரியலன்னு நெனச்சேன். எட்டு ஓடு தேச்சுப் பாத்தேன்."

"போச்சா?"

"போவல."

"அப்ப சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"யாருகிட்ட? திரும்பவும் மிஷின்லயா?"

அம்மா தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினாள். அந்த விரல் நுனிகளில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மே 4ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். அடித்து எழுதுவதில்லை என்று முதல் நாளே எழுதியிருக்கிறேன். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினேன்.

பழையது: அம்மாவுக்குச் சோடா மாவு ஒத்துக்கொள்ளவில்லை.
புதியது: அம்மா எட்டு ஓடுகளைத் தேய்த்துப் பார்த்தாள்.
திருத்தியவர்: அ. ஈஸ்வரி.
காரணம்: பத்து நொடிதான் கேட்டேன்.